லீவர், ரிலே, கம்ப்யூட்டர்: மூன்று பெட்டி ரயில்வே சிக்னல் கிட், இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு

முதல் பெட்டியின் பாகங்களைப் பூட்டி மேசையில் வைத்ததும் என் அக்கா மகன் இரண்டாம் எண் லீவரைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. "மாமா, இது மாட்டிக்கிச்சு" என்றான். மாட்டவில்லை, அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தண்டவாளம் பிரியும் இடத்தில் வண்டியைத் திருப்பிவிடும் பாயிண்ட் கிளைப் பாதையின் பக்கம் திரும்பியிருந்தது, அவன் இழுத்ததோ நேர்ப்பாதையில் ரயிலை விடும் சிக்னலின் லீவர். "நாலாம் நம்பரைத் திருப்பி வை, அப்புறம் அஞ்சை இழு, அதுக்கப்புறம் ரெண்டைத் தொடு" என்றேன். இப்போது எந்தத் தடையும் இல்லாமல் வந்தது, கைகாட்டி மேலே எழுந்தது. அடுத்த அரை மணி நேரம் இரண்டாம் லீவரையும் மூன்றாம் லீவரையும் ஒரே நேரத்தில் இழுக்க ஏதாவது குறுக்கு வழி இருக்கிறதா என்று விதவிதமாக முயன்று பார்த்தான். பாதியில் நிறுத்தினான், இரண்டு கையாலும் சேர்த்து இழுத்தான், ஒன்றை லேசாக அசைத்துவிட்டு மற்றதை வேகமாக இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு புத்தகமும் சொல்லித்தராத அளவுக்கு இன்டர்லாக்கிங், அதாவது முரணான லீவர்களைச் சேர்த்து இழுக்கவிடாத பிணைப்பு, என்றால் என்ன என்று அந்த அரை மணியில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

நான் சிக்னல் பராமரிப்பில் இருப்பவன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது படமும் வட்டமும் அம்புக்குறியும் போட்டே காலம் போய்விடுகிறது. கையால் தொட்டு, இழுத்து, கெடுத்துப் பார்க்கும்படி ஏதாவது கிடைக்காதா என்று நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். இந்தக் கிட் மூன்று பெட்டிகளாக வருகிறது. முதலாவது லீவரும் கம்பியும் கைகாட்டியும் உள்ள பழைய சிக்னல் கேபின், இரண்டாவது தண்டவாளத்தில் வண்டி இருப்பதை மின்சாரத்தால் அறியும் டிராக் சர்க்யூட்டும் மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயும், மூன்றாவது கம்ப்யூட்டர் இன்டர்லாக்கிங். தயாரித்தவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. மூன்றாவது பெட்டியில் கடுமையான குறை ஒன்றைப் பார்த்து அவர்களுக்கு எழுதியிருக்கிறேன், திருத்த அவகாசம் கொடுப்பதுதான் நியாயம். இதே வகையில் வேறு எதை வாங்கினாலும் நான் செய்த சோதனைகளைச் செய்து பாருங்கள்.

சோதனை என்று நான் சொல்வது ஒரே ஒரு கேள்விதான். கம்பி அறுந்தால், கரண்ட் போனால், ஸ்பிரிங் உடைந்தால், எது கெட்டாலும் சிக்னல் எந்தப் பக்கம் விழுகிறது? சிவப்பின் பக்கம் விழுந்தால் ரயில் நிற்கும், பயணிகள் திட்டுவார்கள், எங்களை நடு இரவில் எழுப்புவார்கள், அவ்வளவுதான். பச்சையின் பக்கம் விழுந்தால் ஆள் சாவார்கள். முதலாவதை ரைட் சைட் ஃபெயிலியர் என்றும் இரண்டாவதை ராங் சைட் ஃபெயிலியர் என்றும் சொல்வோம். சிக்னல் துறை வளர்ந்த கதை முழுவதும் இந்த ராங் சைடை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அடைத்த கதை. ஆகவே மூன்று பெட்டிகளையும் இந்த ஒரு கண்ணோடுதான் பார்த்தேன்.

சரி, முதல் பெட்டி. இரும்புச் சட்டம், ஆறு லீவர்கள், பிரிட்டிஷ் கேபின்களின் மரபுப்படி வண்ணம் பூசியவை: நிறுத்தும் சிக்னலுக்குச் சிவப்பு, தூரத்திலிருந்தே எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னலுக்கு மஞ்சள், பாயிண்டுக்குக் கறுப்பு, பாயிண்டைப் பூட்டும் லாக்குக்கு நீலம். ஒவ்வொரு லீவரின் அடியிலும் ஒரு தட்டையான பட்டை, அதில் சரிவாக வெட்டிய பள்ளங்கள். குறுக்கே ஓடும் கட்டைகளின் முனை அந்தப் பள்ளங்களில் போய் உட்காரும். ஒரு லீவரை இழுத்தால் அதன் பட்டை கட்டையைத் தள்ளும், கட்டை பக்கத்து லீவரின் பள்ளத்தில் நுழைந்து அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். டாப்பெட் லாக்கிங் என்று இதற்குப் பெயர், ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1870இல் கொண்டுவந்தது. பாயிண்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைக்கும் காப்புரிமையை அதற்கு முன்பே, 1856இல், ஜான் சாக்ஸ்பி எடுத்திருந்தார். அதற்கெல்லாம் முன்னால் பாயிண்டை ஒருவர் திருப்புவார், சிக்னலை இன்னொருவர் இறக்குவார், இரண்டும் ஒத்துப்போகிறதா என்பது அந்த இருவரின் கவனத்தில்தான் இருந்தது.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு பட்டைகளைப் பள்ளம் வெட்டாமலேயே கொடுத்திருப்பது. லாக்கிங் டேபிளை நீங்களே எழுத வேண்டும், எந்த லீவர் எதைப் பிடிக்கிறது, எதை விடுவிக்கிறது என்று. பிறகு அரம் எடுத்து அந்த இடங்களில் ராவ வேண்டும். ஐந்தாம் எண் லாக் லீவரை இழுத்தால் நான்காம் எண் பாயிண்ட் லீவர் எந்த நிலையில் இருந்தாலும் அதே நிலையில் பூட்டப்பட வேண்டும் என்பதால், நான்கின் பட்டையில் ஒரு பள்ளம் போதாது, இரண்டு வேண்டும். நான் முதல் முறை ஒன்று மட்டும் வெட்டிவிட்டேன். பாயிண்ட் நேராக இருக்கும்போது எல்லாம் சரியாக நடந்தது, கிளைப் பாதைக்குத் திருப்பியதும் லாக் லீவர் வரவே இல்லை. தவறு செய்தபோதும் அது இறுக்கிப் பிடிக்கும் பக்கமாகவே போனதைக் கவனித்தேன். குறைவாக வெட்டினால் லீவர் வராது, ஆபத்து இல்லை. கூடுதலாகவோ அகலமாகவோ வெட்டினால்தான் பூட்டு நழுவும். அதனால்தான் பழைய லாக்கிங் ஃபிட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ராவிப் பார்ப்பார்கள், தேய்ந்துபோன கட்டையை உடனே மாற்றுவார்கள். அரத்தைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கே இது உறைத்தது.

கைகாட்டியைச் சோதித்தேன். கம்பியை வெட்டினேன். எதிர்எடை இழுத்துக் கைகாட்டி கிடைமட்டத்துக்கு, அதாவது 'நில்' என்ற நிலைக்கு வந்துவிட்டது. நல்லது. ஆனால் எதிர்எடை இருந்தால் மட்டும் போதாது என்பதை 1876 ஜனவரி 21 அன்று இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டனில் பார்த்தார்கள். அங்கே சிக்னல் கம்பத்தில் ஒரு பிளவு இருக்கும், கைகாட்டி கீழே இறங்கி அந்தப் பிளவுக்குள் ஒளிந்துகொண்டால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். சிக்னல்கள் சாதாரணமாகவே அந்தத் திறந்த நிலையில்தான் இருக்கும், தேவைப்படும்போது மட்டும் நிறுத்துவார்கள். அன்றைக்குப் பனிப்புயல். பிளவுக்குள் பனி உறைந்து, கம்பிகளிலும் பனி ஏறி, சிக்னல்மேன் லீவரைத் திருப்பிவிட்ட பிறகும் கைகாட்டி வெளியே வரவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி நிலக்கரி வண்டியின் மேல் போய் மோதியது, எதிர்த்திசையில் வந்த இன்னொரு எக்ஸ்பிரஸ் அந்த இடிபாட்டின் மேல் மோதியது. அதன் பிறகுதான் கைகாட்டியின் இயல்பு நிலையே 'நில்' என்று மாறியது, பனி பிடிக்காதபடி கம்பத்திலிருந்து விலகித் தொங்கும் கைகாட்டிகளும் வந்தன. கிட்டில் கைகாட்டி மேல்நோக்கி எழும் வகை. கம்பி அறுந்தால் கையின் சொந்த எடையே அதைக் கீழே, ஆபத்து நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இந்தத் தேர்வைச் செய்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கையேட்டில் மட்டும் ஒரு தவறு. பச்சை தொடக்கத்திலிருந்தே 'போ' என்பதற்கான விளக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை. தொடக்க காலத்தில் வெள்ளை விளக்குதான் 'போ', பச்சை 'கவனம்', சிவப்பு 'நில்'. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் பின்னால் இருக்கும் எண்ணெய் விளக்கு வெள்ளையாகத் தெரியும், ஓட்டுநர் போகலாம் என்று நினைத்துக்கொள்வார். ஒரு கண்ணாடி விரிசலே ராங் சைட் ஃபெயிலியர். போதாததற்கு ஊர்களில் வெள்ளை விளக்குகளும் பெருகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளையை விட்டுவிட்டுப் பச்சைக்கு மாறினார்கள். ஒரு வண்ணத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே இந்தத் துறையின் மனம் தெரிகிறது, அதைக் கையேடு தவறவிட்டிருப்பது எனக்கு வருத்தம்.

முதல் பெட்டியோடு, லைனைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு துண்டில் ஒரே வண்டியை விடும் பிளாக் முறைக்கான இரண்டு சின்னக் கருவிகளும் வருகின்றன, முள், மணி, மூன்று நிலைகள்: லைன் மூடியிருக்கிறது, லைன் கிளியர், லைனில் வண்டி இருக்கிறது. ஒன்றை இந்த அறையிலும் மற்றதை அடுத்த அறையிலும் வைத்து மணி அடித்துப் பேசிக்கொள்ளலாம். இது எதற்கு என்று புரிய வேண்டுமானால் பிளாக் இல்லாத காலத்தை நினைக்க வேண்டும். ஒரு வண்டி போன பிறகு ஐந்து நிமிடம் சிவப்பு, அப்புறம் கொஞ்ச நேரம் கவனம், அப்புறம் அடுத்த வண்டியை விடலாம். முன்னால் போன வண்டி வழியில் நின்றுவிட்டால் கடிகாரத்துக்கு அது தெரியாது. 1861 ஆகஸ்ட் 25, இங்கிலாந்தில் பிரைட்டன் லைனில் கிளேட்டன் சுரங்கம். மூன்று வண்டிகள் சில நிமிட இடைவெளியில் வருகின்றன. முதல் வண்டி போனதும் தானாகச் சிவப்புக்குத் திரும்ப வேண்டிய சிக்னல் திரும்பவில்லை. இரண்டாவது வண்டி வந்துவிட்டது, சிக்னல்மேன் ஓடிப்போய்ச் சிவப்புக் கொடியைக் காட்டினார், ஓட்டுநர் பார்த்தாரா இல்லையா என்பது அவருக்குத் தெரியவில்லை. பார்த்திருந்தார், சுரங்கத்துக்குள் நிறுத்திவிட்டுப் பின்னால் வரத் தொடங்கியிருந்தார். சிக்னல்மேன் தந்தியில் மறுமுனையைக் கேட்டார், சுரங்கம் காலியா என்று. காலி என்று பதில் வந்தது. மறுமுனையில் இருந்தவர் சொன்னது முதல் வண்டியைப் பற்றி, இவர் புரிந்துகொண்டது இரண்டாவதைப் பற்றி. மூன்றாவது வண்டிக்கு வெள்ளைக் கொடி காட்டினார். 23 பேர் இறந்தார்கள்.

இந்த இரண்டு கருவிகளையும் வைத்துக்கொண்டு நானும் அக்கா மகனும் அந்த மூன்று வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு செக்ஷனில் ஒரே வண்டி என்ற விதி இருந்தால் இரண்டாவது வண்டி சுரங்கத்துக்கு அருகிலேயே வந்திருக்காது. ஆனால் கிட்டில் ஒரு குறை. பிளாக் முள் 'லைனில் வண்டி' என்று காட்டினாலும் அடுத்த செக்ஷனுக்குள் வண்டியை விடும் ஸ்டார்ட்டர் சிக்னலின் லீவரை, ஆறாம் எண்ணை, இழுக்க முடிகிறது. கருவிக்கும் லீவருக்கும் தொடர்பே இல்லை. அடுத்த கேபின் அனுமதி தராமல் ஸ்டார்ட்டரை இழுக்க முடியாதபடி பூட்டும் வழியை சைக்ஸ் 1875இலேயே செய்துவிட்டார், ஒரு சின்ன மின்காந்தம் போதும். அயர்லாந்தின் ஆர்மாவில் 1889 ஜூன் 12 அன்று, பிரித்து நிறுத்திய உல்லாசப் பயண வண்டியின் பின்பாதி சரிவில் உருண்டு வந்து, நேர இடைவெளி பார்த்து அனுப்பப்பட்ட அடுத்த வண்டியின் மேல் மோதி ஏறத்தாழ 80 பேர், அதில் நிறையக் குழந்தைகள், இறந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பிளாக், இன்டர்லாக்கிங், வண்டி முழுவதும் சேர்ந்து பிடிக்கும் தொடர் பிரேக் மூன்றையும் சட்டத்தில் கட்டாயமாக்கியது. இந்தத் தொகுப்பில் பிளாக்கும் இன்டர்லாக்கிங்கும் இருக்கின்றன, இரண்டும் கைகோக்கவில்லை. அடுத்த பதிப்பில் அந்த மின்காந்தத்தைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது பெட்டிதான் என்னைப் பொறுத்தவரை இதன் இதயம். அரை மீட்டர் தண்டவாளம், இரு முனைகளிலும் கரண்டைக் கடக்கவிடாத இன்சுலேட்டட் ஜாயிண்ட், ஒரு முனையில் பேட்டரியும் ரெசிஸ்டரும், மறுமுனையில் கண்ணாடி மூடிக்குள் ரிலே. கரண்ட் ஒரு தண்டவாளத்தில் போய் ரிலே வழியாக மற்ற தண்டவாளத்தில் திரும்புகிறது, ரிலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, பச்சை எரிகிறது. வண்டியைத் தண்டவாளத்தில் வைத்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடுகின்றன, கரண்ட் குறுக்கு வழியில் போய்விடுகிறது, ரிலேக்கு எதுவும் கிடைக்காமல் அதன் அசையும் இரும்புத் துண்டான ஆர்மேச்சர் கீழே விழுகிறது, சிவப்பு. ஆர்மேச்சர் விழுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. அந்தக் கண்ணாடி மூடிக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம்.

இங்கே கையேட்டின் மிகச் சிறந்த பக்கம் வருகிறது. இதைக் கண்டுபிடித்த அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் முதலில் செய்த வடிவத்தையும் நீங்களே இணைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அதில் தண்டவாளத்தில் சாதாரணமாகக் கரண்ட் ஓடாது, வண்டி வந்தால்தான் சர்க்யூட் மூடும், ரிலே தூக்கும், சிவப்பு வரும். இணைத்தேன், நன்றாக வேலை செய்தது. பிறகு பேட்டரிக் கம்பியைக் கழற்றினேன். வண்டி தண்டவாளத்தில் நிற்கிறது, சிக்னல் பச்சை. ராபின்சனும் இதைத்தான் பார்த்தார். சர்க்யூட்டைத் தலைகீழாக்கி, எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்படி மாற்றி 1872இல் காப்புரிமை வாங்கினார். இப்போது பேட்டரி தீர்ந்தால் சிவப்பு, கம்பி அறுந்தால் சிவப்பு, தண்டவாளமே உடைந்து இரண்டானால் பெரும்பாலும் சிவப்பு. பொருள் அதேதான், பேட்டரி, ரிலே, இரண்டு இரும்பு. இணைத்த விதம் மட்டும் வேறு. இதை என் கையால் மாற்றி இணைத்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, இத்தனை வருடம் இதே வேலையில் இருந்தும்.

இது எதைத் தடுக்கிறது என்பதற்கு 1915 மே 22, ஸ்காட்லாந்தின் குயின்டின்ஷில் போதும். கேபினுக்கு நேர் எதிரே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஒரு லோக்கல் வண்டியைத் தற்காலிகமாக வேறு லைனில் நிறுத்திவைத்தார்கள். சிக்னல்மேன்கள் அதை மறந்துவிட்டார்கள். லீவரில் நினைவுக்காக ஒரு வளையம் மாட்ட வேண்டும், மாட்டவில்லை. ராணுவ வீரர்களை ஏற்றிவந்த வண்டிக்கு சிக்னல் கொடுத்துவிட்டார்கள். 200க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இன்டர்லாக்கிங் அங்கே இருந்தது, அது தன் வேலையைச் சரியாகச் செய்தது, ஆனால் லைனில் வண்டி நிற்பது அந்த லீவர்களுக்குத் தெரியாது. டிராக் சர்க்யூட் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். முதல் பெட்டியையும் இரண்டாவது பெட்டியையும் ஒரு கேபிளால் இணைக்கலாம், அப்படி இணைத்தால் லைனில் வண்டி இருக்கும்போது இரண்டாம் எண் லீவர் பூட்டிக்கொள்ளும். தயவுசெய்து அந்தக் கேபிளையும் சேர்த்து வாங்குங்கள், தனியாகத்தான் விற்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் வண்டியை வைத்தேன், ரிலே விழவில்லை. வண்டி இருக்கிறது, பச்சை எரிகிறது. கிட் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இது நான் வேலையில் பார்த்துப் பயந்த அதே விஷயம். தண்டவாளத்தின் மேல் மெல்லிய துருவும் அழுக்கும் படிந்திருந்தது, வண்டியோ எடை குறைவு, சக்கரம் இரும்பை உண்மையில் தொடவே இல்லை. அடிக்கடி வண்டி ஓடாத லைன்களில் துருவால் இப்படி ஆகும், இலை உதிரும் காலத்தில் சக்கரத்தில் நசுங்கிய இலை ஒரு படலமாக ஒட்டிக்கொண்டும் ஆகும். மூடிய சர்க்யூட் எல்லாவற்றையும் சிவப்பின் பக்கம் தள்ளுகிறது, இந்த ஒன்றைத் தவிர. அதனால்தான் துருவை உடைத்துக்கொண்டு போகும் உயர்மின்னழுத்த டிராக் சர்க்யூட்டுகள் வந்தன, உள்ளே போன அச்சையும் வெளியே வந்த அச்சையும் எண்ணிக் கழிக்கும் ஆக்சில் கவுன்டர்கள் பரவின. அதற்கும் தனிக் கவலை உண்டு: எண்ணிக்கை தவறினால் பூஜ்யமாக்க வேண்டும், உள்ளே வண்டி இருக்கும்போது பூஜ்யமாக்கிவிட்டால் அவ்வளவுதான். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தண்டவாளத்தைத் துடைத்து வைக்கவும் என்று மட்டும் பராமரிப்புப் பகுதியில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது சொல்ல நினைக்கவில்லை. நீங்கள் துடைக்காமல் விட்டுப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு சோதனையும் செய்தேன், கையேட்டில் இல்லாதது. ரிலேக்குப் புதுக் கம்பி போட்டுவிட்டு, பழைய கம்பியின் ஒரு முனையைக் கழற்றாமல் விட்டேன், மறுமுனையை வெட்டாமல், டேப் சுற்றாமல், டெர்மினலுக்குப் பக்கத்தில் அப்படியே வளைத்து வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மேசையை லேசாகத் தட்டினேன், பழைய கம்பி டெர்மினலைத் தொட்டது. வண்டி நிற்கும்போதே ரிலே தூக்கிக்கொண்டது. 1988 டிசம்பர் 12, லண்டனின் கிளாப்ஹம் சந்திப்பில் நடந்தது இதுதான். வண்டிகள் மோதி 35 பேர் இறந்தார்கள். அந்தக் கம்பியை விட்டுவைத்த தொழில்நுட்பப் பணியாளர் 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. அவர் வேலையை இன்னொருவர் தனியாகச் சரிபார்த்துக் கம்பிகளை எண்ணியிருந்தால் வெளிப்பட்டிருக்கும், யாரும் எண்ணவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் விஷயம் இனிமேல் இந்த மேசைச் சோதனைதான். கழற்றிய கம்பியை இரண்டு முனையிலும் கழற்று, வெட்டு, இன்சுலேட் செய், எண்ணு.

ரிலேயின் தரம் பற்றி ஒரு குறிப்பு. இது ஸ்பிரிங் வைத்த சாதாரண ரிலே. உண்மையான சிக்னல் ரிலேயில் ஆர்மேச்சர் தன் எடையால் விழும், காண்டாக்டில் ஒரு பக்கம் கார்பன் இருக்கும், அதிகக் கரண்ட் பாய்ந்தாலும் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. கிட்டுக்கு இந்த ரிலே போதும், ஆனால் இது அது இல்லை என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கலாம்.

இனி மூன்றாவது பெட்டி. பார்க்க அழகாக இருக்கிறது. திரையில் லைன் படம், நுழையும் சிக்னலையும் போய்ச்சேரும் இடத்தையும் தொட்டால் பாதை தானாக அமைகிறது. ஸ்வீடனின் கோதன்பர்கில் 1978இல் கம்ப்யூட்டர் இன்டர்லாக்கிங் வந்தது, இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் 1985இல் எஸ்எஸ்ஐ என்ற கம்ப்யூட்டர் இன்டர்லாக்கிங் வந்தது, அதில் மூன்று புராசஸர்கள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் கட்டளை வெளியே போகும், ஒத்துப்போகாத மூன்றாவதை மற்ற இரண்டும் ஒதுக்கிவிடும். பெட்டியின் மேல் 'மூன்றில் இரண்டு' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. திறந்து பார்த்தேன், ஒரே ஒரு சிப். அதே கணக்கை மூன்று முறை போடுகிறது. ஒரே ஆளிடம் மூன்று முறை கேட்டு மூன்று சாட்சி என்று சொல்வது போல. சிப் கெட்டால் மூன்று விடையும் ஒரே மாதிரி கெடும். இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விளக்கத்துக்காகச் செய்தது என்று விட்டுவிடலாம்.

விட முடியாதது அடுத்தது. பாதை அமைத்துப் பச்சை கொடுத்துவிட்டு, தண்டவாளத்தின் தகவலைக் கொண்டுவரும் கேபிளைப் பிடுங்கினேன். சிவப்பு வரவில்லை. வண்டியைத் தண்டவாளத்தில் வைத்தேன், அப்போதும் வரவில்லை. கேபிள் போன நொடியில் கடைசியாகத் தெரிந்தது 'லைன் காலி', அந்த நிலையையே பிடித்துக்கொண்டு பச்சையைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று முறை திரும்பச் செய்து பார்த்தேன். 2011 ஜூலை 23, சீனாவின் வென்ஜோ அருகே நடந்தது இதே வகைத் தவறு. இடி மின்னலில் ஒரு ஃபியூஸ் போனது, அதன் பிறகும் கட்டுப்பாட்டுக் கருவி ஃபியூஸ் போவதற்கு முன் படித்த 'காலி' என்ற பழைய தகவலையே அனுப்பிக்கொண்டிருந்தது, சிக்னல் பச்சை காட்டியது, பின்னால் வந்த அதிவேக வண்டி முன்னால் நின்ற வண்டியின் மேல் மோதி 40 பேர் இறந்தார்கள். ராபின்சன் 1872இல் பேட்டரியும் இரும்பும் வைத்து அடைத்த அதே ஓட்டையை ஒரு நிரலின் அலட்சியம் திரும்பவும் திறந்துவிடுகிறது. சிக்னல் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்கவென்று விற்கும் பொருளில் இது இருக்கக் கூடாது. இதைப் பார்த்துப் படிக்கிற பையன் நாளைக்கு நிரல் எழுதுவான்.

ஐரோப்பாவின் இடிசிஎஸ் என்ற வண்டிக் கட்டுப்பாட்டு முறை, ரேடியோ வழியாக வண்டிக்கே அனுமதி போவது, தண்டவாள நடுவில் வண்டிக்குத் தகவல் தரும் பாலிஸ் என்ற கருவி, வண்டியோடு சேர்ந்து நகரும் பிளாக் எல்லாம் திரையில் அசையும் படமாக மட்டும் இருக்கின்றன. தொட எதுவும் இல்லை. 1964இல் ஜப்பானின் ஷிங்கான்சென் ஓடத் தொடங்கியபோதே, 200 கிலோமீட்டர் வேகத்தில் பாதையோர சிக்னலைப் பார்த்துப் படிக்க முடியாது என்று சிக்னலை ஓட்டுநரின் அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஒரு காரணத்தையாவது சொல்லியிருக்கலாம்.

ஆக, முதல் இரண்டு பெட்டிகளையும் இணைப்புக் கேபிளையும் தயங்காமல் வாங்கலாம். சிக்னல் வேலையில் இருப்பவர், கற்றுக்கொடுப்பவர், எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற, கையில் அரம் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாருக்கும். அரத்தை மட்டும் நல்லதாகத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், உடன் வருவது மொண்ணை. மூன்றாவதை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

வாங்கிவிட்டவர்களுக்காக நான் செய்த மாற்றத்தைச் சொல்கிறேன். பச்சை விளக்கை சிப்பின் பின்னிலிருந்து நேரடியாக எடுக்காமல், நடுவில் ஒரு ரிலே வைத்தேன். அந்த ரிலேயைத் தூக்கி நிறுத்த ஒரு கெபாசிட்டர், இரண்டு டையோடு. சிப் ஓயாமல் ஆன் ஆஃப் என்று துடித்துக்கொண்டே இருந்தால்தான் கெபாசிட்டர் நிரம்பி ரிலே நிற்கும், ஆன் என்றே உறைந்துபோனாலும் ஆஃப் என்றே உறைந்துபோனாலும் ரிலே விழும். நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: தண்டவாளத்திலிருந்து அரை நொடிக்குள் புதுத் தகவல் வரவில்லை என்றால் துடிப்பை நிறுத்து. விளக்குகளுக்குத் தனி பேட்டரி கொடுத்தேன். இப்போது கேபிளைப் பிடுங்கினால் ஒரு 'டிக்' கேட்கிறது, சிவப்பு எரிகிறது. சிப்பையே சாக்கெட்டிலிருந்து கழற்றினாலும் அதே 'டிக்'. நேற்று அக்கா மகன் பெட்டியில் இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான், பதினாறு கம்பி, ஒன்றில்கூடப் பச்சை நிற்கவில்லை. வரைபடம் வேண்டுவோர் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.